கிரீன் மில்லில் ஒரு ஞாயிறு மாலை: கேட்பவர்களும் வாய் திறக்கும் கவிதை மேடை

சிகாகோவுக்கு வரும் நம்மவர்கள் உயரமான கட்டடத்தின் கண்ணாடித் தரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஏரிக்கரையில் நடக்கிறார்கள், ஊர் திரும்பிவிடுகிறார்கள். கவிதையில் பற்றுள்ளவர் என்றால் இன்னும் ஒரு மாலை தங்குங்கள். நகரின் வடபகுதியில், அப்டவுன் என்ற பேட்டையில், பிராட்வேயும் லாரன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் கிரீன் மில் இருக்கிறது. ஸ்லாம் என்று உலகம் முழுவதும் அறியப்படும் கவிதைப் போட்டி வேர்பிடித்த இடம் அது. இந்த வகைக் கவிதையைக் காணொளியில் மட்டும் பார்த்தவர்கள் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மறுபாதி இங்கே மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

நான் கரூர் மாவட்டத்து அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். மகள் சிகாகோவில் இருப்பதால் ஆண்டில் சில மாதங்கள் இங்கே கழிகின்றன. பணியில் இருந்தவரை பேச்சுப்போட்டிக்கும் கவிதை ஒப்பித்தலுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே காலம் போயிற்று. அந்தக் காதுடன்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மதுக்கூடம். அதற்காகத் தயங்க வேண்டாம். மது அருந்தாதவர்களும் ஒரு சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். வெள்ளை முடியும் பருத்திப் புடவையுமாக நான் உட்கார்ந்திருந்தேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1907-ல் வேறு பெயரில் தொடங்கிய கடை இது. மது விலக்குக் காலத்தில், சிகாகோவின் நிழலுலகத் தலைவர் அல் கபோனின் ஆட்கள் புழங்கிய இடம். இரண்டு வாசல்களையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய வளைந்த இருக்கையை இன்றும் அவருடைய இடம் என்று காட்டுகிறார்கள். இங்கே பாடிக்கொண்டிருந்த ஜோ லூயிஸ் என்ற கலைஞர் போட்டிக் கடைக்கு மாறிப் போனதால் 1927-ல் அவர் தொண்டையை அறுத்தார்கள். அவர் பிழைத்து, பேசுவதையே புதிதாகக் கற்றுக்கொண்டு, நகைச்சுவைக் கலைஞராக மேடைக்குத் திரும்பினார். மகள் இதைச் சொன்ன பிறகு அந்தச் சிறிய மேடையை வேறு கண்ணோடுதான் பார்த்தேன். பச்சை நியான் விளக்கு, பழைய மரவேலைப்பாடு, மங்கலான வெளிச்சம் எல்லாம் அழகுதான். ஆனால் அவற்றைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஸ்லாமைத் தொடங்கிவைத்த மார்க் ஸ்மித் கட்டட வேலை செய்தவர். மேடையில் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முணுமுணுக்கும் கவிதை வாசிப்புகள் அவருக்குச் சலித்துப் போயிருந்தன. 1984-ல் இந்த நகரத்திலேயே ஜாஸ் இசை நடக்கும் வேறொரு சிறிய மதுக்கூடத்தில் திறந்த மேடை ஒன்றைத் தொடங்கினார். 1986-ல் டேவ் ஜெமிலோ கிரீன் மில்லை வாங்கினார். ஆள் வராமல் கிடந்த ஞாயிறு இரவைக் கவிதைக்குத் தருமாறு ஸ்மித் கேட்டார், அந்த ஜூலையில் நிகழ்ச்சி தொடங்கியது. நான்கு ஆண்டுகளில், 1990-ல், சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அந்தத் தேசியப் பட்டத்தைத் தனிநபராக நான்கு முறை வென்ற பட்ரீஷியா ஸ்மித் இந்த மேடையில் வளர்ந்தவர்.

நிகழ்ச்சிக்கு மூன்று பகுதிகள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து வாசிக்கும் திறந்த மேடை, அழைக்கப்பட்ட ஒரு கவிஞரின் நிகழ்ச்சி, கடைசியில் போட்டி. வழக்கங்கள் சிலவற்றை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. மேடையில் மார்க் ஸ்மித் தம் பெயரைச் சொன்னால் கூட்டம் ஒரே குரலில் "ஸோ வாட்!" என்று கத்தும். அதனால் என்ன என்று, தொடங்கிவைத்தவரிடமே கேட்கும் கேள்வி அது. அவமதிப்பு ஏதும் அதில் இல்லை. எவ்வளவு பெரிய பெயரானாலும் அடுத்த மூன்று நிமிடத்தில் என்ன சொல்லப் போகிறாய் என்பதுதான் இங்கே கணக்கு. தலைவரின் பெயருக்கு முன்னால் அடைமொழிகளைக் கோத்துக்கோத்து வணக்கம் சொல்லியே பொழுது போகும் கூட்டங்களில் பாதி வாழ்க்கையைக் கழித்த எனக்கு அந்தக் கத்தல் மிகவும் பிடித்திருந்தது.

கவிதை பிடிக்கவில்லை என்றால் கேட்பவர்கள் விரலைச் சொடுக்குகிறார்கள். மற்ற ஊர் மேடைகளில் விரல் சொடுக்குவது பாராட்டு. இங்கே அது, போதும் என்பதற்கு அறிகுறி. இன்னும் பொறுக்கவில்லை என்றால் காலால் தரையைத் தட்டுவார்கள், அதற்கு அடுத்தது ஒரு நீண்ட முனகல். பெண்களை இழிவாகச் சொல்லும் ஆணின் கவிதைக்குப் பெண்கள் சீறுவதும் இந்த இடத்தின் பழைய வழக்கம்.

படிக்கும்போது இது கொடுமையாகத் தோன்றலாம். நேரில் பார்த்தபோது அப்படி இல்லை. நான் போயிருந்த ஒரு மாலையில் இளைஞர் ஒருவர் தம் காதலியைப் பற்றி வாசித்தார். தலையிலிருந்து கால்வரை உறுப்பு உறுப்பாக வர்ணனை, அந்தப் பெண் எதையாவது நினைத்தாளா, ஒரு வார்த்தையாவது பேசினாளா என்பதற்குக் கவிதையில் இடமே இல்லை. மதுக்கூடத்தின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய சீறல் கிளம்பி மேஜை மேஜையாகப் பரவியது. நானும் சீறினேன். நம் ஊர்க் கவியரங்குகளில் பெண்ணின் இடையை வர்ணித்துக் கைதட்டு வாங்கிய பெரியவர்களுக்கு முன்னால் ஆசிரியைகள் வாய்மூடி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டு அடக்கமும் அந்த ஓர் ஒலியில் வெளியே வந்தது. அந்த இளைஞர் ஓடிவிடவில்லை. கடைசி வரி வரை வாசித்து முடித்தார், அதற்குக் கைதட்டலும் கிடைத்தது. கவிதையைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களே, மேடையேறிய துணிவுக்கும் மரியாதை செய்தார்கள். இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்ய முடியும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொருவர் அடிக்கு அடி இயைபு வைத்து எழுதியிருந்தார். மூன்றாவது அடியிலேயே அடுத்து என்ன சொல் வரும் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு முன்பே சத்தமாகச் சொல்லியும்விட்டார்கள். அவர் சிரித்தார். அடுத்த இணையில், எல்லோரும் எதிர்பார்த்த சொல்லை விட்டுவிட்டு அந்த நொடியில் வேறொன்றைப் போட்டார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ஒரு கவிஞர் தம் கவிதையைக் கேட்பவர்களின் கண்ணெதிரே திருத்திக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன்.

மனத்தில் உள்ளதைக் கொட்டுவதற்கு நாட்குறிப்பு போதும். இங்கே வருகிறவர்களுக்கு வேண்டியது பதில். உண்மையான பதில் வரும் என்று தெரிந்தால்தான் எழுதுகிறவரின் கை பொய்யான வரியிடம் போய் நிற்கும்போது தயங்கும். சுயவெளிப்பாடு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது நேர்மையாக இருக்க வேண்டுமானால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் வாய் வேண்டும். கிரீன் மில் கவிதைக்குச் செய்திருக்கும் பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திறந்த மேடையில் கேட்டவற்றில் ஒன்று என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. சீருடை மேல்சட்டையைக் கழற்றாமலே ஒருவர் வந்து நின்றார், இரவுப் பஸ் ஓட்டுநர். நான்காக மடித்த தாளைப் பிரித்து, தலை நிமிராமல் வாசித்தார். கடைசி நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்புவது அவர் வேலை. கிழவரை எழுப்ப அவர் விளக்கைப் போடுவார், குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்குச் சற்றுத் தள்ளி நின்று இருமுவார், சீருடை அணிந்த காவலாளிக்கு நிறுத்தத்தின் பெயரை மட்டும் சொல்வார், போக இடமில்லாதவரை மட்டும் எப்படி எழுப்புவது என்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் கவிதை. அறிவுரையோ அழுகையோ கிடையாது. ஸ்மித்துக்குப் பிடிக்காத முணுமுணுப்பு வாசிப்புதான் அதுவும், என் மாணவராக இருந்திருந்தால் தலையை நிமிர்த்தச் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு விரல்கூடச் சொடுக்கவில்லை. சொல்லில் சரக்கு இருந்தால் பயிற்சி பெறாத குரலையும் இந்தக் கூட்டம் பொறுத்துக்கொள்கிறது.

போட்டிப் பகுதியைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அது இந்தக் கடையைப் பற்றியது அல்ல, ஸ்லாம் என்ற வடிவத்தைப் பற்றியது. நடுவர்களைக் கூட்டத்திலிருந்தே பிடிக்கிறார்கள். கவிதை படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்லாம் போட்டிகளில் பரவலான விதி இது: ஐந்து நடுவர்கள், பத்துக்கு மதிப்பெண், மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கழித்துவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். மூன்று நிமிடமும் பத்து விநாடிச் சலுகையும் உண்டு, அதைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மதிப்பெண் குறையும். இசைக்கருவி, வேடம், பொருள்கள் எதுவும் கூடாது, உடலும் குரலும் மட்டும். சரியான விதிகள். எங்கள் பேச்சுப்போட்டிகளில் தலைமையாசிரியரும் ஊர்ப் பிரமுகரும் நடுவர்களாக உட்கார்ந்து யார் மகன் யார் மகள் என்று பார்த்து மதிப்பெண் போட்டதை நினைத்தால், முன்பின் தெரியாத நடுவர்கள் எவ்வளவோ மேல்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அன்று ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் காது கேளாத தம் தாயைப் பற்றிச் சொன்னார். தாளில்லாமல், தாழ்ந்த குரலில் தொடங்கினார். தாயிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்டாயா என்பதும் கத்தல்தான், மருத்துவர் சொன்னதும் கத்தல்தான், தம் மணமுறிவுச் செய்தியையும் அடுத்த வீடுவரை கேட்கும்படி சமையலறையில் நின்று கத்தியிருக்கிறார். அந்த வரிகளை மட்டும் உச்சக்குரலில் சொல்லிவிட்டு உடனே தாழ்ந்தார். ரகசியம் என்று ஒன்று தம் வாழ்வில் தங்கவே இல்லை என்று ஒரு வரி வந்தது. பக்கத்து மேஜைக்காரர் கையிலிருந்த கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமலே வைத்திருந்தார். குரலின் ஏற்ற இறக்கமே பொருளாக மாறியிருந்தது. அவருக்குப் பத்துக்கு ஏழு என்ற அளவில்தான் வந்தன மதிப்பெண்கள். அடுத்து வந்தவர் நாடு, போர், அநீதி என்று முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை ஒரே உச்சத்தில் முழங்கினார், ஒன்பதுக்கு மேல் கிடைத்தது. கூட்டம் நடுவர்களைப் பார்த்து ஊளையிட்டது. இங்கே அதற்கும் அனுமதி உண்டு, நானும் சேர்ந்துகொண்டேன்.

முழங்கியவரின் கோபம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏற்றம், வரி முடிவில் வரும் அந்த இழுப்பு, மூன்று சொற்களை வேகமாக அடுக்கிவிட்டு நிறுத்துவது, இவை அவருடையவை அல்ல. காணொளிகளில் பரவி எல்லாக் கவிஞர்களின் தொண்டையிலும் குடியேறிவிட்ட ராகம் அது. நம் பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் வணக்கம் சொல்லும்போதே தொடங்கிவிடும் ராகத்தைப் பாருங்கள், மணப்பாறைப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் அதே இழுப்பில்தான் இழுப்பார்கள். தன் வாழ்க்கையைச் சொல்ல வந்தவர் இன்னொருவரின் குரலில் சொல்லலாகாது. மதிப்பெண் அட்டை அந்த இரவல் குரலுக்குப் பரிசு கொடுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திறந்த மேடையில் அட்டை இல்லை, இரவல் குரலும் குறைவு. நேரம் குறைவாக உள்ளவர்கள் முதல் பகுதியைத் தவறவிடாதீர்கள். பலர் போட்டிக்காகத் தாமதமாக வருகிறார்கள், அவர்களுக்குப் பஸ் ஓட்டுநர் கிடைத்திருக்க மாட்டார்.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். அந்த மாதத்து அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நுழைவுக் கட்டணத்தையும் பானத்தையும் ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி, வயது எவ்வளவானாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ரெட் லைன் ரயிலில் லாரன்ஸ் நிலையத்தில் இறங்கினால் சில அடி தூரம்தான். பக்கத்திலேயே, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு 1925-ல் திறந்து 1981-ல் மூடப்பட்ட அப்டவுன் திரையரங்கம் நிற்கிறது, அதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம் வடக்கே ஆர்கைல் தெரு, வியட்நாமியர் கடைகளில் சூடான நூடுல்ஸ் கிடைக்கும். சீக்கிரம் போய் மேடைக்கு எதிரே இடம் பிடியுங்கள், பின்னால் உட்கார்ந்தால் கவிஞரின் மூச்சு கேட்காது. வாசிக்க விரும்புகிறவர்கள் நுழைந்ததும் பெயர் கொடுத்துவிடுங்கள். தமிழில் வாசிக்கலாமா என்று மகளிடம் கேட்டேன், ஒரு பத்தி தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் என்றால் நிச்சயம் கேட்பார்கள் என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் எழுதும் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் இங்கே அழைத்துவர முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். நகரின் நடுவில் ஹரால்டு வாஷிங்டன் நூலகத்தில் பதின்வயதினருக்கென்றே யூமீடியா என்ற பகுதி 2009-ல் தொடங்கியது. ராப் கலைஞர் சான்ஸ் பள்ளி நாட்களில் அங்கே நடந்த திறந்த மேடைகளில் பழகியவர். பொது நூலகம், கட்டணம் கிடையாது. பிள்ளை உள்ளே போனதும் நீங்கள் மேல்தளங்களில் உங்கள் புத்தகத்தைத் தேடிக்கொள்ளலாம்.