ஸ்டட் டயர் என்று 129 யூரோவைச் சுருட்டிய ஆன்லைன் கடை: பின்லாந்தில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களே, உஷார்

கோபத்தில்தான் எழுதுகிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் அந்தக் கடையிலிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என் 129 யூரோ அவர்களிடம். ஐஸில் வழுக்காமல் பிடிக்க உலோக ஆணி பதித்தது என்று அவர்கள் விற்ற ஸ்டட் டயர் இரண்டும் என் பால்கனியில். இடது முழங்கை வீங்கிக் கிடக்கிறது. இதில் யாருக்குத் திருப்தி?

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பிரயோசனம் இல்லை. இந்த மாதிரிக் கடைகள் மாதத்துக்கு ஒரு பெயர் மாற்றிக்கொள்ளும். அதனால் பெயரை விட்டுவிட்டு, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நான் இருப்பது ஓவுலுவில். பின்லாந்தின் வடக்குப் பக்கம். குளிர்காலத்திலும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மார்க்கெட் போகும் பாட்டிகள் என்று இந்த ஊருக்கே அதில் ஒரு பெருமை உண்டு. 2013-ல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு இங்கேதான் நடந்தது. வந்த புதிதில் மைனஸ் 15-ல் எப்படி ஓட்டுவார்கள் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, மைனஸ் 15 பிரச்சினையே இல்லை. அந்தக் குளிரில் மிதிபட்டு இறுகிய பனி காய்ந்து கிடக்கும், சாதாரண டயரே ஓரளவு பிடிக்கும். ஆபத்து பூஜ்ஜியத்தில்தான். பகலில் உருகி, ராத்திரி உறைந்து, மறுநாள் காலை அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் பாருங்கள், அதுதான் ஆளைக் கவிழ்க்கும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும், மறுபடி வசந்தம் தொடங்கும்போதும் இது வரும்.

ஆபீஸில் கும்பகோணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், இங்கே பல குளிர்காலம் பார்த்தவர். "தம்பி, ஸ்னோல தைரியமா ஓட்டுங்க. ஐஸ்ல மட்டும் ஸ்டட் இல்லாம ஓட்டாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி, வாங்கிவிடுவோம் என்று ஊரில் உள்ள சைக்கிள் கடைகளுக்குப் போனால், முதல் ஐஸ் விழுந்த வாரம் அது. என் சக்கர அளவில் எங்கேயும் இல்லை. "இரண்டு மூன்று வாரம் ஆகும்" என்றார்கள். காருக்கு நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசிவரை, சாலை நிலைமை கேட்டால் குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. சைக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் எல்லோரும் என்னைப் போல முதல் ஐஸைப் பார்த்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள். இந்தத் திருடர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரியே போனில் விளம்பரம் வந்து நின்றது. சைக்கிள் சாமான் விற்கும் ஆன்லைன் கடை. முழுக்க ஃபின்னிஷ் மொழி, முகவரி .fi என்று முடிகிறது. முதல் பக்கத்தில் பனி மூடிய ஒரு பட்டறை, வாசலில் வெள்ளைத் தாடி வைத்த தாத்தா. கீழே அவர் எழுதியதாக ஒரு கடிதம்: கை முன்போல ஒத்துழைக்கவில்லை, மனைவியோடு இத்தனை காலம் நடத்திய கடையைக் கனத்த மனதோடு மூடுகிறோம், இருக்கிற சரக்கைப் பாதி விலைக்குத் தருகிறோம். 110 யூரோவை அடித்துவிட்டு 59 என்று போட்டிருந்தது. இரண்டு டயர் 118, அனுப்பும் செலவு 11, ஆக 129 யூரோ. "ஹெல்சிங்கி கிடங்கிலிருந்து அனுப்பப்படும், எல்லா வரியும் உட்பட."

இவ்வளவையும் பார்த்து உடனே பணத்தைக் கட்டிவிடவில்லை. சாட்டில் போய்க் கேட்டேன். ஆணியின் நடுவில் டங்ஸ்டன் கார்பைடு முனை, அதாவது எளிதில் தேயாத மிகக் கடினமான முனை, இருக்கிறதா? இருக்கிறது. ரப்பர் குளிர்காலக் கலவையா? ஆமாம், மைனஸ் 30 வரை இறுகாது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஒன்று போட்டால் போதுமா என்று கேட்டேன் பாருங்கள், அதற்கு வந்த பதிலில்தான் நான் விழுந்தேன். "ஓவுலுவில் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் இரண்டு சக்கரத்துக்கும் போடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவீர்கள். புது டயரை முதல் 40 கிலோமீட்டர் தார்ச்சாலையில் மெதுவாக ஓட்டுங்கள், திடீர் பிரேக் வேண்டாம், ஆணிகள் ரப்பருக்குள் நன்றாக உட்காரட்டும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்த நல்ல மெக்கானிக்கும் இதைத்தான் சொல்வார். சொன்னவன் தொழில் தெரிந்தவன் என்று நம்பினேன், 129 யூரோவைக் கட்டினேன். ஏமாற்றுகிறவன் தப்பான ஆலோசனைதான் சொல்வான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவர்கள் சரியான ஆலோசனையை எங்கிருந்தோ எடுத்துச் சொல்லிவிட்டு, தப்பான சரக்கை அனுப்புகிறார்கள்.

முதல் அடி சுங்கத்திலிருந்து வந்தது. பார்சல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்திருக்கிறது, சுங்க அறிவிப்பு கொடுங்கள் என்று செய்தி. ஹெல்சிங்கியிலிருந்து வரும் பார்சலுக்கு எதற்கய்யா சுங்கம்? 2021 ஜூலையிலிருந்து வெளியே இருந்து வாங்கும் எந்தப் பார்சலுக்கும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வாட் உண்டு. கடைக்காரன் முன்கூட்டியே கட்டியிருந்தால் நம்மிடம் வராது. இவன் கட்டவில்லை. 129-க்கு 25.5 சதவீதம், கிட்டத்தட்ட 33 யூரோ நான் கட்டினேன். பார்சல்மேல் ஒட்டிய சீட்டில் அவன் எழுதியிருந்த மதிப்பு 12 டாலர்! சாட்டில் கேட்டதற்கு, "தேவை அதிகமானதால் கூட்டாளிக் கிடங்கிலிருந்து அனுப்பினோம், பொருள் ஒன்றுதான்" என்று பதில்.

பொருள் ஒன்றா? படத்தில் இருந்தது ஜெர்மன் கம்பெனி டயர் என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன், பக்கவாட்டில் இருந்த பெயரை மட்டும் அழித்திருக்கிறார்கள். வந்தது பெயரே இல்லாத டயர். எட்டுப் போல மடித்து பிளாஸ்டிக் நாடாவில் இறுக்கிக் கட்டியிருந்ததால் விளிம்புக் கம்பி இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. கேட்ட அளவு 40-622. வந்தது 47-622, முதல் எண்தான் மில்லிமீட்டரில் டயரின் அகலம், மாட்டினால் மட்கார்டில் உரசுகிறது. சமையலறைத் தராசில் வைத்தேன், ஒரு டயர் 600 கிராம் சொச்சம். இந்த அளவில் நல்ல ஸ்டட் டயர் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஆணிகளின் தலை மொட்டையாக, ஒரே உலோகமாகப் பளபளத்தது. நல்ல ஆணியில் நடுவே தனியாக ஒரு சின்ன, கொஞ்சம் மங்கிய முனை துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முனைதான் ஐஸைக் குத்திப் பிடிப்பது. சுற்றியிருக்கும் உடம்பு அதைத் தாங்குவதற்கு மட்டுமே.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்: "கார்பைடு உள்ளே இருக்கிறது. ஓட்ட ஓட்ட வெளியே தெரியும்." சிரிக்காதீர்கள். எழுதியவன், 40 கிலோமீட்டர் விஷயத்தைச் சரியாகச் சொன்ன அதே ஆள். மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் சொன்னபடியே மெதுவாக ஓட்டிப் பழக்கினேன்.

நவம்பர் கடைசியில் அந்த உருகி உறைந்த காலை வந்தது. துய்ரா பாலங்களுக்கு முன்னால் இடதுபக்கம் திரும்புகிறேன், வேகம்கூட இல்லை. முன்சக்கரம் சத்தமே இல்லாமல் போய்விட்டது. நல்ல ஸ்டட் டயர் ஐஸில் கரகரவென்று சத்தம் போடும், அந்தச் சத்தம் இருக்கிறவரை தைரியமாக இருக்கலாம். இதில் அது எப்போது நின்றது என்றே கவனிக்கவில்லை. முழங்கையும் இடுப்பும் தரையில். பின்னால் சைக்கிளில் வந்த ஒரு வயதான அம்மா நின்று இறங்கி, அடிபட்டதா என்று கேட்டார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு என் முன்டயரைத் தடவிப் பார்த்தார். ஒரு ஆணியைக் கட்டைவிரலால் நெம்பினார். அது கையோடு வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு ஓரத்தில் ஆணிகள் பழுத்த மாதுளையிலிருந்து முத்து உதிர்வதுபோல உதிர்ந்திருக்கின்றன. மிச்சம் இருந்த ஒன்றை எடுத்து அரத்தால் தேய்த்தேன். ரெண்டே இழுப்பில் வெள்ளிக் கோடு விழுந்து, தலை தட்டையாகிவிட்டது. கார்பைடாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அதை அறுக்காது. இது வெறும் இரும்பு. தார்ச்சாலையில் ஓட்டிய அந்த 40 கிலோமீட்டரிலேயே கூர் எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. டயரைப் பிரித்தால் உள்பக்கம் சில ஆணிகளின் அடிப்பாகம் ரப்பரை மீறி ட்யூபை உரசிக்கொண்டிருக்கிறது. பஞ்சராகாமல் இருந்ததுதான் அதிசயம்.

போன் கவர், சட்டை, செருப்பு எதில் வேண்டுமானாலும் ஏமாற்றித் தொலையுங்கள், பணம் மட்டும்தான் போகும். இதில், ஆணி இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒருவன் ஐஸில் வளைந்து திரும்புகிறான். சாதாரண டயராக இருந்தால் நான் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். வெறும் டயரைவிட இந்தப் போலி ஸ்டட் டயர்தான் மோசம்.

இனி மெயில் புராணம். முதல் பதில்: "நீங்கள் சரியாகப் பழக்கவில்லை." வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம்: "15 சதவீதம் தருகிறோம், டயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்." மறுத்தேன். "25 சதவீதம். சுற்றுச்சூழலைக் காக்க, பொருளைத் திருப்பி அனுப்பாமல் நண்பருக்குப் பரிசளியுங்கள்." நண்பருக்காம்! எனக்கு எந்த நண்பர்மேல் அவ்வளவு விரோதம்? முழுப் பணமும் வேண்டும் என்றேன். "35 சதவீதம், இதுவே கடைசி." 129 யூரோவில் 35 சதவீதம் என்றால் 45 யூரோ. மீதி 84 யூரோ தாத்தாவின் ஓய்வூதியத்துக்கா? சரி, திருப்பியே அனுப்புகிறேன், முகவரி கொடுங்கள் என்றால், சீனாவில் ஒரு கிடங்கு முகவரி. செலவு என்னுடையது, தொலைந்தால் பொறுப்பும் என்னுடையது. தபாலில் கேட்டுப் பார்த்தேன், அவர்கள் தருகிறேன் என்ற 45 யூரோவை அந்தச் செலவே தின்றுவிடும். கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மெயிலிலும் வேறு பெயரில் கையெழுத்து, ஆனால் அதே "உங்கள் பொறுமைக்கு நன்றி."

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். பொருள் குறையுள்ளது என்றால் திருப்பும் செலவும் கடைக்காரனுடையது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் எங்கே? இங்குள்ள நுகர்வோர் ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார்கள்: கடை ஒன்றியத்துக்குள் இருந்தால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் வழியாகப் பேசலாம், நார்வே, ஐஸ்லாந்து என்றாலும் சரி. அதற்கு வெளியே என்றால் கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கோருவதுதான் நடைமுறை வழி. வங்கியில் போட்டிருக்கிறேன். கடைக்காரன் அங்கேயும் "டெலிவரி ஆகிவிட்டது" என்று டிராக்கிங் எண்ணைக் காட்டியிருக்கிறான். கல்லை அனுப்பினாலும் டெலிவரி ஆகும்தானே!

நிறைய டிப்ஸ் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முழங்கை விடவில்லை. அவசரமாகச் சில:

.fi என்று இருந்தால் பின்லாந்துக் கடை என்று அர்த்தமில்லை, 2016-லிருந்து யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் அதை வாங்கலாம். பக்கத்தின் அடியில் நிறுவனப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், ஏழு இலக்கம், ஒரு கோடு, அப்புறம் ஓர் இலக்கம். அதை ஒய்டிஜே (YTJ) என்ற பின்லாந்து நிறுவனப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம், பெயர் பொருந்த வேண்டும். "கடையை மூடுகிறோம்" என்று கண்ணீர்க் கடிதம் இருந்தால் அந்தப் படத்தை எடுத்துத் தேடுங்கள், அதே தாத்தா ஐந்து நாட்டில் ஐந்து கடையை மூடிக்கொண்டிருப்பார். டயரின் பக்கவாட்டில் தயாரிப்பாளர் பெயரும் 40-622 மாதிரி அளவும் படத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வேண்டாம். கையில் வந்ததும் எடை போடுங்கள், ஒரு ஆணியை அரத்தால் உரசுங்கள், உள்பக்கம் விரல் விட்டுத் தடவுங்கள். இதெல்லாம் ஓட்டுவதற்கு முன்னால். கார்டில் மட்டும் கட்டுங்கள், சாட்டில் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், 35 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் சமரசம் ஆகிவிட்டது என்று அதையே வங்கியில் காட்டுவான்.

செப்டம்பரிலேயே ஊர்க் கடையில் வாங்கிவிடுங்கள். கும்பகோணத்துக்காரர் தன்னுடைய பழைய ஸ்டட் டயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அதை முன்னால் மாட்டியிருக்கிறேன். வங்கி பதில் சொன்னதும் அந்த 129 யூரோ என்ன ஆயிற்று என்று இதே பதிவின் கீழே எழுதுகிறேன்.