கோல்டு ஐ.ஆர்.ஏ. போடப் போகிறீர்களா? திருப்பி வாங்கும் விலையை முதலில் கேளுங்கள்

அமெரிக்காவில் வேலை மாறியவர்களும் ஓய்வு பெறப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். பழைய கம்பெனியில் கிடந்த என் 401கே (கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தில் 40,000 டாலரை எடுத்து கோல்டு ஐ.ஆர்.ஏ. (தங்கமாக வைத்துக்கொள்ளும் தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் போட்டேன். பங்குச்சந்தை சரிந்தாலும் தங்கம் கைகொடுக்கும் என்ற எண்ணம் இன்றும் மாறவில்லை. தங்கத்தை விற்ற கம்பெனி செய்ததுதான் அநியாயம்.

போனில் பேசியவர் சொன்னது அமெரிக்கன் ஈகிள் தங்கக் காசு. ஒரு அவுன்ஸ் காசில் 31.1 கிராம் சுத்தத் தங்கம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பில்லைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே ‘ப்ரூஃப்’ காசுகள். கண்ணாடி போலப் பளபளப்பாக அடித்து, டப்பாவில் சான்றிதழோடு வருபவை. உள்ளே இருப்பது அதே ஒரு அவுன்ஸ்தான், விலை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். இப்போதே விற்றால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். 28,000 சொச்சம் என்றார்கள். இத்தனைக்கும் இடையில் தங்கம் விலை இறங்கவே இல்லை.

ஆர்டரை உறுதி செய்ய என்று இன்னொருவர் அழைத்திருந்தார். பேச்சு பதிவாகும் என்று சொல்லிவிட்டு, விதிமுறைகளை மூச்சுவிடாமல் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ‘யெஸ்’ வாங்கினார். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் 33 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம் என்ற வரி அதற்குள் இருந்திருக்கிறது. இப்போது எதைக் கேட்டாலும் அந்தப் பதிவைத்தான் காட்டுகிறார்கள். ஊரில் நகைக்கடைக்காரர்கூட செய்கூலி, சேதாரம் என்று தனியாகச் சொல்லிவிடுவார். இங்கே எல்லாம் ஒரே விலைக்குள் அடக்கம். ‘இலவசமாக’க் கொடுத்த வெள்ளிக் காசும் அதற்குள்தான்.

ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) அங்கீகரித்த காசு என்று அடித்துச் சொன்னார்கள். 1997-ல் வந்த சட்டத் திருத்தம், 99.5 சதவீதச் சுத்தம் உள்ள தங்கத்தை ஐ.ஆர்.ஏ.வில் வைக்க வழி செய்தது. ஈகிள் 22 காரட்தான், ஆனாலும் அதற்குத் தனி விலக்கு உண்டு. அவ்வளவுதான். விலை நியாயமா, விற்பவர் யோக்கியமா என்று ஐ.ஆர்.எஸ். சான்று தருவதில்லை. காசைக் கணக்கில் வைத்திருக்கும் கஸ்டோடியனைக் கேட்டால், சொன்னதை வாங்கி வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். ஆண்டுக் கட்டணமும் பெட்டகக் கட்டணமும் மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு வலை. ஒரு எல்.எல்.சி. (தனிக் கம்பெனி) தொடங்கி, அதன் பெயரில் ஐ.ஆர்.ஏ. காசை வீட்டு லாக்கரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் வரும். தயவுசெய்து வேண்டாம். 2021-ல் ஒரு தம்பதியின் வழக்கில் வரி நீதிமன்றம், அப்படி வைத்தது கணக்கிலிருந்து பணம் எடுத்ததற்குச் சமம் என்று தீர்ப்பளித்து வரி போட்டது. 59½ வயதுக்குள் எடுத்தால் பொதுவாக 10 சதவீதம் கூடுதல் வரியும் சேரும்.

தங்கத்தின் விலையேற்றம் போதும் என்றால் சாதாரண ஐ.ஆர்.ஏ.விலேயே தங்க ஈ.டி.எஃப். (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) வாங்கலாம். அப்படி ஒன்றான ஐஷேர்ஸ் கோல்டு டிரஸ்டின் ஆண்டுச் செலவு 0.25 சதவீதம். காசாகத்தான் வேண்டும் என்றால் ப்ரூஃப் இல்லாத சாதாரண ஈகிளைக் கேளுங்கள். ஆர்டருக்கு முன்பே இரண்டு விலைகளை எழுத்தில் வாங்குங்கள்: இன்று எனக்கு விற்பது என்ன விலைக்கு, இன்றே திருப்பி வாங்குவது என்ன விலைக்கு.

சரக்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான சி.எஃப்.டி.சி.யிலும் எங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். போனில் ஒன்று சொல்லி பில்லில் வேறொன்று போட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பில்லையும் ஈமெயில்களையும் பத்திரப்படுத்தி நீங்களும் புகார் கொடுங்கள்.