பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல் (2008): 13 எபிசோட் பொறுமையாகப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

2008-ல் பீ டிரெயின் ஸ்டூடியோ எடுத்த இந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரைப் பார்த்தவர்களில், மூலக்கதையான மாங்காவை (ஜப்பானியப் படக்கதை) படிக்காதவர்கள் ‘தூக்கம் வருது’ என்பார்கள். படித்தவர்கள் ‘இதைப் போயா இப்படி எடுத்தாங்க’ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டு புகாரும் சரிதான். மெதுவாகப் போவதை மட்டும் குறை என்று சொல்லிவிட முடியாது. எங்கே நின்று நிதானிக்க வேண்டுமோ அங்கே ஓடுகிறது, எங்கே ஓட வேண்டுமோ அங்கே நிற்கிறது. கோளாறு அதுதான்.

மூலக்கதை ஹிரோவாகி சமுராவின் மாங்கா. 1993 முதல் 2012 வரை கோடான்ஷாவின் ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் வந்தது, மொத்தம் 30 தொகுதிகள். எடோ காலத்தில், அதாவது ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலத்தில் நடக்கும் கதை. நூறு பேரைக் கொன்ற மன்ஜியின் உடம்புக்குள் எண்ணூறு வயது பிக்குணி ஒருத்தி ரத்தப் புழுக்களை விட்டுவிடுகிறாள். வெட்டுப்பட்டால் புழுக்கள் தைத்து மூடிவிடும், ஆள் சாக மாட்டான். ஆயிரம் தீயவர்களைக் கொன்றால்தான் சாவு என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். இன்னொரு பக்கம் ரின் என்ற சிறுமி. அவளுடைய அப்பா நடத்திய வாள்பயிற்சிக் கூடத்தை இட்டோ-ரியூ கும்பல் அழித்துவிடுகிறது. அதன் தலைவன் அனோட்சு ககெஹிசாவைப் பழிவாங்க அவள் மன்ஜியைக் கூலிக்காவலனாகச் சேர்த்துக்கொள்கிறாள். இவ்வளவு சரக்கு கையில் இருந்தும் தொடர் சவசவ என்று போகிறதென்றால், அது கதையின் தப்பில்லை.

இயக்குநர் கோயிச்சி மஷிமோ. பீ டிரெயினை நிறுவியவர். அவர் முன்பு எடுத்த ‘நுவார்’, ‘மேட்லாக்ஸ்’ தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கை பழக்கமானது: நீண்ட மௌனம், அசையாத முகம், பின்னால் இசை, திரும்பத் திரும்ப வரும் பழைய நினைவு. ‘நுவாரில்’ இது எடுபட்டது. அங்கே நாயகிக்குத் தான் யார் என்றே தெரியாது, ஒவ்வொரு முறை அந்த நினைவு வரும்போதும் பார்ப்பவருக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும். ரின்னுக்கு அப்படி எந்த மர்மமும் கிடையாது. பெற்றோர் கொல்லப்பட்ட இரவை நாம் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுகிறோம். அதே இரவு மறுபடி வரும்போது புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, நிமிடம்தான் போகிறது.

நிமிடக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் வழக்கப்படி ஒன்றரை நிமிடம் வீதம் மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும். மிச்சம் 21 நிமிடம். அதில் நடந்து போகும் காட்சி, வானம், மரம், பழைய நினைவு என்று நாலைந்து நிமிடம் கழிந்தால், ஒரு எதிரியை அறிமுகப்படுத்தி, அவன் ஏன் இப்படி ஆனான் என்று சொல்லி, சண்டையையும் முடிக்க ஒரு கால் மணி நேரம்தான் இருக்கிறது. அதனால்தான் இடைவெளிகள் இழுவையாகவும் சண்டை அவசரமாகவும் தெரிகிறது.

சண்டைகளுக்கு வருவோம். ஏமாற்றம் அதிகம் இங்கேதான். சமுராவின் சண்டைப் பக்கங்கள் ஒரு தனி ரகம். கோடுகள் குழம்பிப் பாயும், யார் கை யார் கால் என்று தெரியாது. அடுத்த பக்கம் புரட்டினால் வெட்டுப்பட்ட உடல் அலங்காரப் பின்னணியோடு முழுப் பக்கத்துக்கு உறைந்து நிற்கும். முக்கியமான கட்டங்களில் பென்சிலிலேயே வரைந்திருப்பார். அந்தப் பாய்ச்சலின் வேகத்தைத் தீர்மானிப்பது படிப்பவரின் கண். உறைந்த பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் அவர் விருப்பம். அனிமேவில் அந்த நேரத்தை இயக்குநர்தான் தர வேண்டும். இந்தத் தொடரோ பாய்ச்சலை விட்டுவிட்டு உறைந்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. வாள் உயர்கிறது, ஒரு மின்னல், ஒரு நிலைப்படம், ரத்தம். நடுவில் கால் எப்படி நகர்ந்தது, எந்தக் கோணத்தில் வெட்டு விழுந்தது என்பது பல இடங்களில் காணாமல் போகிறது.

செலவைக் குறைக்க நிலைப்படங்களைப் பயன்படுத்துவது அனிமேவில் பழைய வழக்கம். ஒசாமு டெசாகி போன்ற இயக்குநர்கள் அதையே அழகாக்கியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஓவியத்தில் நிறுத்துவது அசைவு உச்சத்துக்கு வந்தபிறகு. ஏறாத உச்சத்தில் நிறுத்தினால் வெறும் படம்தான் நிற்கும்.

ஆயுதங்கள் விஷயத்திலும் இதே குறை. மன்ஜியின் உடைக்குள் ஒரு கடையே இருக்கிறது, விதவிதமான வாள், கொக்கி, குட்டிக் கத்தி. எதிரிகள் ஒவ்வொருவர் கையிலும் வேறெங்கும் பார்க்காத ஒன்று. மாங்காவில் அந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்பதே பாதி சுவாரசியம், அதை வைத்துத்தான் வெற்றி தோல்வி. அனிமேவில் ஆயுதம் கண்ணுக்குத் தெரிகிறது, அதன் சூட்சுமம் புரிவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. வன்முறையைக் காட்டத் தடை இருந்ததா என்றால் அதுவும் பொருந்தாது. ஒளிபரப்பானது ஏடி-எக்ஸ் என்ற கட்டணச் சேனலில். பொதுச் சேனலின் கெடுபிடி அங்கே இல்லை.

நிதானம் உண்மையிலேயே பலித்த இடம் ஒன்று உண்டு, மகியே. ஷமிசென் இசைக்கருவிக்குள் ஆயுதத்தை ஒளித்து வைத்திருக்கும் பெண். கதையின் மிகச் சிறந்த வாள்வீச்சு அவளுடையது, மன்ஜியைத் துண்டு துண்டாக்கிவிடுகிறாள். ஆனால் கொல்வதில் அவளுக்கு விருப்பமில்லை, அனோட்சுவுக்காகச் செய்கிறாள். அவள் தயங்குவதுதான் அந்தப் பகுதியின் கதையே. தயக்கத்தைக் காட்ட மௌனம் வேண்டும், மஷிமோவுக்கு மௌனம்தான் கை வந்த கலை. கோ ஓட்டானியின் இசையும் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. தொடரை முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் தொடக்க எபிசோடில் ஆட்களைத் தெரிந்துகொண்டு மகியே பகுதிக்குத் தாவிவிடலாம், பெரிதாக எதுவும் நஷ்டமில்லை.

குரோய் சபாதோ கதை நேர் எதிர். ரின்னுக்குக் காதல் கவிதை அனுப்பிக்கொண்டே இருப்பவன், இரண்டு தோளிலும் பெண் தலைகளைத் தைத்து வைத்திருப்பவன், அவற்றில் ஒன்று ரின்னின் அம்மாவுடையது. குடலைப் பிரட்ட வேண்டிய வெளிப்பாடு. இருட்டும் நிதானமும் சேர்ந்து அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால், நேரம் வரும்போது அதிர்ச்சி எழுவதில்லை.

பார்க்கும் முறை பற்றி இரண்டு விஷயம். 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். உதவாது. உரையாடல் ஏற்கெனவே சாதாரண வேகத்தில்தான் இருக்கிறது, இழுப்பது இடைவெளிகள். வேகம் கூட்டினால் சப்டைட்டில் ஓடிவிடும், இசை கெடும், இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். அதேபோல் ஒரே மூச்சில் 13-ஐயும் பார்ப்பதும் வேண்டாம். 2008 ஜூலையில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த தொடர் இது. அடுத்தடுத்துப் போட்டால் திரும்ப வரும் நினைவுக் காட்சிகள் இரண்டு மடங்கு எரிச்சலூட்டும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

முடிவை எதிர்பார்த்துப் பார்க்கவே வேண்டாம். 30 தொகுதிகளில் ஆரம்பத்துச் சிலவற்றைத்தான் தொடுகிறது. அனோட்சு உயிரோடு இருக்கிறான், பழி தீரவில்லை, ஷோகுன் அரசின் ஆட்கள் கதைக்குள் முழுதாக இறங்குவதற்கு முன்பே திரை விழுந்துவிடுகிறது. இரண்டாவது பருவம் வரவே இல்லை. தொடங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் கடைசி எபிசோடுக்குப் பிறகு ‘அடுத்தது எங்கே’ என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் 2019-ல் வந்த மறுஆக்கம்? லிடன் ஃபிலிம்ஸ் எடுத்தது, இயக்கம் ஹிரோஷி ஹமசாகி, அமேசான் பிரைமுக்காக 24 எபிசோட். முழுக் கதையும் உண்டு. ஆனால் 30 தொகுதி வகுத்தல் 24 என்றால் எபிசோடுக்கு ஒரு தொகுதிக்கும் மேல். ஆட்கள் யார் என்று தெரிவதற்குள் செத்துவிடுகிறார்கள். முதல் சில எபிசோடுகளில் வந்து போகும் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்பாதி புரியும், இல்லையென்றால் திண்டாட்டம்தான். எடோ கோட்டைக்கு அடியில், சாகாத உடம்பை வைத்து மருத்துவ ஆராய்ச்சி நடத்தும் சிறைப் பகுதி மட்டும் நன்றாக மூச்சு விட்டுப் போகிறது, படமாக்கிய விதமும் துணிச்சல். மன்ஜிக்கு கென்ஜிரோ ட்சுடாவின் கரகரத்த குரல் கச்சிதம். 2008-ல் டொமொகஸு செகியும் குறை வைக்கவில்லை, அவருக்குப் பேசக் கிடைத்ததுதான் கொஞ்சம்.

தகஷி மீகே 2017-ல் எடுத்த திரைப்படம் சண்டைக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு. எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கதையில் பெண்கள் மீதான பாலியல் வன்முறை தொடக்கத்திலேயே வருகிறது, ரின்னின் அம்மாவுக்கு நடப்பது உட்பட. 2019 தொடர் அதில் ஒளிவுமறைவு காட்டுவதில்லை. கூடத்து டிவியில் குடும்பத்தோடு போடும் சரக்கு இல்லை இது.