விலை, மூப்பு, தேர்வு: பிரிட்டிஷ் படையில் மேலே ஏறிய மூன்று வழிகள்

என்சைன் என்ற கடைநிலை அதிகாரிப் பதவி 450 பவுண்டு. லெப்டினன்ட் 700, கேப்டன் 1,800, மேஜர் 3,200, லெப்டினன்ட் கர்னல் 4,500. பிரிட்டிஷ் காலாட்படைக்கு 1821-இல் அரசே நிர்ணயித்த விலைகள் இவை. ஒரு படி ஏற விரும்புகிறவர் கையிலிருக்கும் பதவியை விற்றுவிட்டு வித்தியாசத்தைக் கட்டுவார். படையை விட்டு விலகும்போது கடைசிப் பதவியை விற்று வரும் பணம்தான் அவருடைய ஓய்வூதியம். போரில் இறந்தால் போட்ட முதல் பொதுவாகப் போனதுதான். அந்த இடம் அடுத்த மூத்தவருக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

அதே காலத்தில் வேறு இரண்டு வழிகளும் இருந்தன. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளிலும் பதவி விற்பனை கிடையாது. அங்கே பணிமூப்புதான் சட்டம். மூன்றாவது, திறமை பார்த்து மேலிடம் தேர்ந்தெடுப்பது. இதை எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் முழுதாக நடைமுறைப்படுத்தவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரில் (1854–56) பணக்கார முட்டாள்கள் படையை நாசமாக்கினார்கள், அதனால் 1871-இல் பதவி விற்பனை ஒழிந்தது. மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை பாதிதான் தேறுகிறது.

முதலில் விலைமுறை. இதற்கு எதிரான மிகப் பெரிய சாட்சி கார்டிகன் பிரபு. 1836-இல் ஒரு குதிரைப்படை ரெஜிமென்டின் தலைமையை அவர் வாங்கினார். அரசு விலை 6,175 பவுண்டு. அவர் கொடுத்தது 35,000-க்கும் மேல் என்று ஊரே பேசியது. சட்டப்படி இந்த அதிகப்படி குற்றம். நடைமுறையில் அதில்லாமல் எதுவும் கைமாறவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்து வந்த அதிகாரிகளை அவர் தம் உணவுக்கூடத்தில் அவமதித்த விதம் லண்டன் பத்திரிகைகளுக்குத் தீனியானது. கிரிமியாவில் நடந்த பாலக்லாவா சண்டையில் அவருக்கு மேலே இருந்தவர் லூக்கன் பிரபு. அவரும் தம் ரெஜிமென்டை 25,000 பவுண்டுக்கு வாங்கியவர் என்பார்கள், கார்டிகனின் மைத்துனர், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. 1854 அக்டோபர் 25 அன்று தெளிவில்லாத ஓர் உத்தரவை நம்பி சுமார் 670 குதிரைவீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேராகப் போனார்கள். அந்த உத்தரவைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய, குதிரைப்படை உத்தியை உண்மையிலேயே படித்த மனிதர். முதலில் செத்தவர்களில் அவரும் ஒருவர்.

மறுபுறம், பணமில்லாத ஹேவ்லாக் 1815-இல் சேர்ந்து 23 ஆண்டுகள் கழித்தே கேப்டன் ஆனார். கிளாஸ்கோ தச்சர் ஒருவரின் மகனான காலின் கேம்பெல், பிரபுக்களின் பிள்ளைகள் முந்திச் செல்வதைப் பல்லாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். 1857 வந்தபோது பிரிட்டன் இந்த இருவரைத்தான் லக்னோவை மீட்க அனுப்பியது.

ஆனால் இதே முறைதான் வெலிங்டனையும் தந்தது. 1787-இல் சேர்ந்த ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வெலிங்டன் பிரபு), அண்ணன் கொடுத்த கடனில் வாங்கி வாங்கி ஏறி, 1793-இல் 24 வயதில் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். 1799-இல் சீரங்கப்பட்டினத்தில் நிற்கும்போது வயது முப்பதுதான். பணிமூப்புப்படி போயிருந்தால் அந்த வயதில் ‘கம்பெனி’ எனும் சிறு படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்றிருந்தாலே அதிகம். இளமையைப் பணம் கொடுத்தாவது மேலே கொண்டுவந்தது என்பதே விலைமுறைக்கு ஆதரவான மிக வலுவான வாதம். நாட்டில் சொத்துள்ளவன் ஆட்சியைக் கவிழ்க்க வாளெடுக்க மாட்டான் என்பது இன்னொரு வாதம். படையைக் கொண்டு ஆட்சியைப் பிடித்த கிராம்வெல்லின் நினைவு அவர்களை அப்படிப் பயமுறுத்தியிருந்தது.

இப்போது மூப்பு. நியாயமானது, சிபாரிசுக்கு இடமில்லாதது என்று பெயர். அதன் விளைவை 1857-இல் பாருங்கள். மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது அங்கே கணிசமான ஐரோப்பியப் படை இருந்தது. தளபதி ஹெவிட் அறுபதைக் கடந்து, உடல் பெருத்து, குதிரையேறவே சிரமப்பட்டவர். கிளர்ந்தவர்கள் டெல்லிக்குப் போவதைத் தடுக்க ஒன்றும் நடக்கவில்லை. கான்பூரில் வீலருக்கு 67 வயது. வங்காளப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கும் இதே கதி: நரைத்த பிறகுதான் சுபேதார் பதவி கைக்கு வரும். மதராஸ் படையில் தகுதியும் ஓரளவு பார்க்கப்பட்டது. அந்தப் படை கிளர்ச்சியில் சேராததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடும் அல்ல. வேடிக்கை என்னவென்றால், விற்பனை இல்லாத கம்பெனிப் படையிலும் பணம் புகுந்துவிட்டது. மேலே இருப்பவர் விலகினால்தான் வழி பிறக்கும் என்று இளையவர்கள் சேர்ந்து பணம் திரட்டி அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இரண்டு முறைகளின் தீமையும் ஒரே ஆளிடம் சேர்ந்த உதாரணம் எல்பின்ஸ்டன். விற்பனை லெப்டினன்ட் கர்னல் வரைக்கும்தான். அதற்கு மேலே பிரிட்டிஷ் படை முழுவதிலும் மூப்பே ஆட்சி செய்தது. வாட்டர்லூவில் ஒரு ரெஜிமென்டை நடத்திய இவர் பிறகு பல ஆண்டுகள் போர் பார்க்கவில்லை. ஆனாலும் மூப்பு அவரை ஜெனரல் ஆக்கியது. கீல்வாதத்தோடு காபூல் போய்ச் சேர்ந்தார். 1842 ஜனவரியில் அங்கிருந்து பின்வாங்கிய சுமார் 4,500 படையினரிலும் 12,000 பணியாளர்கள், குடும்பத்தினரிலும் பெரும்பாலோர் பனியிலும் தாக்குதலிலும் அழிந்தார்கள். கிரிமியாவுக்குப் போன ராக்லன் பிரபுவும் அறுபதைத் தாண்டியவர். அதற்கு முன் களத்தில் ஒரு படையைத் தனியே நடத்தியதே இல்லை.

கிரிமியாவின் உண்மையான சாவு பாலக்லாவா பாய்ச்சலில் இல்லை. அந்தப் போரில் மாண்ட ஏறத்தாழ 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். 1854 நவம்பர் 14 புயலில் குளிருடைகளோடு வந்த ‘பிரின்ஸ்’ கப்பல் மூழ்கியது. துறைமுகத்தில் சரக்கு குவிந்து கிடக்க, சில மைல் தூரத்து முகாமில் வீரர்கள் பட்டினி கிடந்தார்கள். வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையைக் கொடுத்து, வறுக்க விறகு கொடுக்காத நிர்வாகம் அது. இதற்கும் பதவி விற்பனைக்கும் என்ன சம்பந்தம்? உணவுத்துறை அப்போது படையின் கையிலேயே இல்லை. நிதித்துறையின் கீழ் இருந்தது. அங்கே தலைமை அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். பிற்பாடு மதராஸ் கவர்னராக வந்து பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவர். பதவி விற்பனைக்கு எதிராக மிக உரக்கப் பேசியவரும் இவரேதான்! அவர் வாதம் சரியானது. ஆனால் பழியை நகர்த்த அது வசதியாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கிரிமியா கொண்டுவந்த உடனடிச் சீர்திருத்தங்களும் இதையே காட்டுகின்றன. உணவுத்துறை போர் அமைச்சகத்துக்கு மாறியது, தரைப் போக்குவரத்துப் படை உருவானது, பழைய ஆயுத வாரியம் கலைக்கப்பட்டது, 1858-இல் கேம்பர்லியில் தளபதியர் கல்லூரி வந்தது. பதவி விற்பனையை விசாரித்த ஆணையம், லெப்டினன்ட் கர்னல் பதவியையாவது விற்காதீர்கள் என்றது. கேட்பாரில்லை.

பிறகு 1871-இல் மட்டும் எப்படி ஒழிந்தது? பிரஷ்யப் படை 1870 செப்டம்பரில் செடானில் பிரெஞ்சுப் பேரரசரையே சிறைபிடித்தது ஐரோப்பாவை உலுக்கியது. ஆனால் உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. போர் அமைச்சர் கார்ட்வெல் குறுகியகாலச் சேவை, ரிசர்வ் படை, மாவட்டவாரியாக இணைந்த பட்டாலியன்கள் என்று படையையே பிரித்துக் கட்ட நினைத்தார். 1870-இல் கடைநிலை அதிகாரிப் பதவி ஒன்றை நீக்கப் பார்த்தபோதே, கொடுத்த அதிகப்படிக்கும் இழப்பீடு தருவீர்களா என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஒவ்வொரு பதவியும் ஒருவரின் சொத்து. பிறர் பட்டா போட்டு வைத்திருக்கும் வீட்டில் சுவரை இடிக்க முடியுமா? முட்டாள்களை உள்ளே விட்டதைவிட, வேறெந்த மாற்றத்தையும் நுழைய விடாததே விலைமுறையின் பெரிய குற்றம்.

பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளிப்போட, பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு ராணியின் ஆணையாலேயே விற்பனையை ரத்து செய்தது. மசோதா நிறைவேறாவிட்டால் இழப்பீடும் கிடையாது என்று தெரிந்ததும் பிரபுக்கள் அவசரமாக அதை நிறைவேற்றினார்கள்.

அப்படியானால் மூன்றாம் வழி வென்றதா? பேச்சளவில். தேர்வு என்றால் யாருடைய கண்ணுக்குத் தெரிவது என்ற கேள்வி உடனே வந்தது. தளபதி வூல்ஸ்லி 1873-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த அஷாந்திப் போருக்குத் தாமே பொறுக்கிய அதிகாரிகளோடு போனார். வெற்றிக்குப் பிறகு அந்தக் கூட்டமே எல்லா நல்ல பதவிகளிலும் தென்பட்டது. அதில் ஒருவரான புல்லர்தான் 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் போயர்களிடம் கொலென்சோவில் தோற்றார். கூட்டத்துக்கு வெளியே, கீழ்நிலைகளில், 1871-க்குப் பின்னும் பெரும்பாலும் மூப்புதான் ஓடியது. விற்று விலகும் வழி அடைபட்டதால் பதவி உயர்வு தேங்கியது. அதன்பின் 1877-இல் வயது வரம்பும் ஓய்வூதியமும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் இந்தச் சலிப்பூட்டும் 1877 விதிகள்தான், எந்த முறையில் ஏறியவரையும் உரிய வயதில் இறக்கிவிடுவதால், மற்ற எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைக் காத்திருக்கக்கூடியவை. அவற்றில் விடுபட்டது ஒன்று உண்டு: சம்பளம். காலாட்படையின் கடைநிலை அதிகாரிக்கு நாளொன்றுக்கு 5 ஷில்லிங் 3 பென்ஸ். முதல் உலகப் போர் தொடங்கும் வரை அதே தொகை. உணவுக்கூடச் செலவுக்கே அது போதாது. பதவியை விலைக்கு விற்பது நின்று நாற்பது ஆண்டுகள் கழித்தும், நல்ல ரெஜிமென்டில் சேர விண்ணப்பித்த இளைஞனிடம் தந்தை ஆண்டுக்கு எவ்வளவு அனுப்புவார் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.