பனியன் கம்பெனிக் கணக்கில் போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷன்கள்: அழைக்கும்போது வரும் பிழைகளோடு நீண்ட நாள் பழக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குத் தரவுத்தளத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கூடவே ஒரு டெலிவரி சலானும் போகும். சாயப்பட்டறைக்குப் போன எடை எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, குறைவில் எவ்வளவை ஏற்றுக்கொள்ளலாம், சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு பீஸ் ரேட் கூலி என்ற விதிகள் எல்லாம் தரவுத்தளத்துக்குள்ளேயே ஃபங்ஷன்களாகவும் ப்ரொசீஜர்களாகவும் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் சிறு நிரல்கள்) எழுதப்பட்டிருக்கின்றன. அலுவலகத்தில் இருக்கும் ஜாவா மென்பொருள் அவற்றை அழைத்து விடையைத் திரையில் காட்டும். தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ். 9.6 பதிப்பில் ஆரம்பித்தோம். அதன் பிறகு பல பதிப்புகள் ஏறிவிட்டோம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றியோ வசதியைப் பற்றியோ அல்ல, அழைக்கும்போது வரும் பிழைகளைப் பற்றித்தான். ஃபங்ஷனை எழுதுவது எளிது. எழுதியதை வெளியிலிருந்து சரியாகக் கூப்பிடுவதில்தான் பொழுது போகிறது.

எல்லாருக்கும் முதலில் வருவது 42883 என்ற எண்ணுள்ள பிழை. 'அப்படியொரு ஃபங்ஷன் இல்லை' என்று போஸ்ட்கிரெஸ் சொல்லிவிடும். உடனே நிரலாளர் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸுக்குக் கையால் கட்டளை அடிக்கும் திரை) திறந்து ஃபங்ஷன்களைப் பட்டியலிட்டுப் பார்ப்பார். அது அங்கேயே இருக்கும். கையால் அழைத்துப் பார்த்தால் ஒழுங்காக விடையும் வரும். 'இங்கே வருகிறது, அங்கே வரவில்லை' என்ற குழப்பத்தில் அரை நாள் போய்விடும். சர்வர் மாறிவிட்டதா, ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிரைவர் கெட்டுவிட்டதா என்று தேவையில்லாத இடங்களில் எல்லாம் தேடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் பழனிசாமி என்று பெயரை மட்டும் சொல்லி யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர், எந்தத் தோட்டத்துப் பழனிசாமி என்று கேட்பார்கள். போஸ்ட்கிரெஸுக்கும் ஃபங்ஷனின் பெயர் மட்டும் போதாது. எந்த ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் பெயர்களைப் பிரித்து வைக்கும் பகுதி), அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த வகை என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு ஃபங்ஷனின் அடையாளம். அதனால்தான் பிழைச் செய்தியில் ஃபங்ஷனின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வகைகளின் பெயர்களும் வருகின்றன. முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் எடைக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். கிலோவை மூன்று தசம இடம் வரை துல்லியமாக வைக்க வேண்டும் என்பதால் ஃபங்ஷன் நியூமெரிக் வகையைக் கேட்கிறது. ஜாவா பக்கம் எடையை டபுள் என்ற தோராயத் தசம வகையில் வைத்து அனுப்பினால் அது இங்கே டபுள் பிரிசிஷன் ஆக வந்து சேரும். டபுள் பிரிசிஷனை நியூமெரிக்காக போஸ்ட்கிரெஸ் தானாக மாற்றிக்கொள்ளாது. அட்டவணையில் எழுதும்போது மாற்றும். ஃபங்ஷனைத் தேடும்போது மாற்றாது. ஆகவே 'இல்லை' என்கிறது. அதே எடையை பிஎஸ்க்யூஎல்லில் 12.5 என்று கையால் அடித்தால் அது பிறக்கும்போதே நியூமெரிக். அதனால் அங்கே ஓடுகிறது. ஜாவாவில் பிக்டெசிமல் என்ற துல்லியத் தசம வகையில் அனுப்பத் தொடங்கினால் பிழை போய்விடும். எடைக்கும் பணத்துக்கும் எப்படியும் அதுதான் சரியான வகை.

தேதியிலும் இதே கதைதான். ஒற்றை மேற்கோளுக்குள் கையால் எழுதிய தேதிக்கு வகை இன்னும் முடிவாகவில்லை என்று போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொண்டு, ஃபங்ஷன் கேட்கிற டேட் வகைக்கு அதை இழுத்துக்கொள்ளும். ஜாவா டிரைவர் சரமாக அனுப்பினால் அது எழுத்து வகை என்று முத்திரை குத்தப்பட்டே வரும். எழுத்து வகையிலிருந்து டேட் வகைக்குத் தானாகப் போக வழியில்லை. அப்படியானால் தேதியைத் தேதி வகையிலேயே அனுப்ப வேண்டும், அல்லது அழைப்பிலேயே இரட்டை முக்காற்புள்ளி போட்டு டேட் என்று எழுத வேண்டும். டேட் கேட்கும் ஃபங்ஷனுக்கு இந்த நொடியின் நேரத்தை அப்படியே கொடுத்தாலும் இதே பிழை வரும். இன்றைய தேதியைக் கொடுக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஸ்மால்இன்ட் என்ற சிறிய முழு எண் வகையில் மதிப்பு கேட்கும் ஃபங்ஷன் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெறும் 5 என்று எழுதினால் அது இன்டிஜர், ஸ்மால்இன்ட் அல்ல. அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் வகைமாற்றம் எழுத வேண்டியிருக்கும். ஃபங்ஷனின் மதிப்புகளுக்கு இன்டிஜரே போதும், அட்டவணையில் வேண்டுமானால் ஸ்மால்இன்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது 42883 அல்ல. அது சத்தம் போட்டு நிற்கும் பிழை. சத்தமே போடாத ஒன்று இருக்கிறது. 'கிரியேட் ஆர் ரிப்ளேஸ்' என்ற கட்டளை, மதிப்புகளின் வகையும் எண்ணிக்கையும் அப்படியே இருந்தால்தான் பழையதை மாற்றும். ஒரு மதிப்பைக் கூடுதலாகச் சேர்த்தீர்களானால் பழையது அப்படியே நிற்க, அதே பெயரில் இரண்டாவது ஃபங்ஷன் ஒன்று முளைக்கும். திருப்பூரில் கூலியை ஒரு ஷிஃப்ட், ஒன்றரை ஷிஃப்ட் என்று போடுவார்கள். கூலி ஃபங்ஷனில் ஷிஃப்ட் அளவையும் ஒரு மதிப்பாகச் சேர்த்தால், புதிய திரை புதிய விதிப்படி கணக்குப் போடும். தொடப்படாத பழைய திரை பழைய ஃபங்ஷனையே அழைத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் பிழைச் செய்தி கிடையாது. ஒரே தையல்காரருக்கு இரண்டு திரையில் இரண்டு கூலி. 'தம்பி, நம்ம கணக்கு ஒன்று சொல்கிறது, சீட்டு ஒன்று சொல்கிறதுங்க' என்று லைன் சூப்பர்வைசர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். வாரம் முழுக்க மெஷினில் உட்கார்ந்தவரின் கூலி அது. அதில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் எனக்குப் பொறுக்காது.

புதிய மதிப்புக்கு முன்னிருப்பு (அழைப்பவர் கொடுக்காவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுத்துச் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்போது பழைய அழைப்புக்கு இரண்டு ஃபங்ஷன்களும் பொருந்தும்; எதை எடுப்பது என்று போஸ்ட்கிரெஸ் முடிவு செய்யாமல் 42725 என்ற பிழையோடு நிறுத்திவிடும். எரிச்சலாக இருந்தாலும் இந்த நடத்தையை நான் மதிக்கிறேன். தவறான விடையைவிட விடை வராமல் நிற்பது மேல். மதிப்புப் பட்டியல் மாறினால் பழைய ஃபங்ஷனை அதன் வகைகளோடு பெயர் சொல்லி நீக்கிவிட்டு, அதே பரிவர்த்தனைக்குள் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே தொகுப்பு) புதியதை உருவாக்குவதுதான் எங்கள் வழக்கம். நீக்கும்போது அதற்குக் கொடுத்திருந்த அனுமதிகளும் போய்விடும் என்பதால், அனுமதி வரிகளையும் அதே கோப்பில் எழுதி வைக்கிறோம்.

அனுமதி என்றதும் ஒன்று. 'அனுமதி இல்லை' என்ற 42501 வந்தால் உடனே ஃபங்ஷனுக்கு அனுமதி கொடுக்க ஓடக்கூடாது. புதிய ஃபங்ஷனை இயக்கும் உரிமை இயல்பாகவே எல்லாருக்கும் இருக்கிறது. மறுக்கப்பட்டது ஃபங்ஷனா, அதற்குள் இருக்கும் அட்டவணையா என்று செய்தியிலேயே எழுதியிருக்கும். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலும் அட்டவணைதான்.

ப்ரொசீஜர் தனி உலகம். போஸ்ட்கிரெஸில் உண்மையான ப்ரொசீஜர் வந்ததே 2018இல் வெளியான 11ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனை வைத்தே சமாளித்தோம். ஃபங்ஷனை 'செலெக்ட்' வழியாகவும் ப்ரொசீஜரை 'கால்' கட்டளை வழியாகவும் அழைக்க வேண்டும், மாற்றி அழைத்தால் 42809 என்ற பிழை. இதில் ஜாவாக்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நெளிவு அடைப்புக்குறிக்குள் 'கால்' என்று எழுதும் ஜேடிபிசி (ஜாவாவின் தரவுத்தள இணைப்பு முறை) வடிவத்தை போஸ்ட்கிரெஸ் டிரைவர் இயல்பாக 'செலெக்ட்' ஆக மாற்றித்தான் அனுப்புகிறது. நீங்கள் எழுதியது 'கால்', சர்வருக்குப் போவது 'செலெக்ட்'. நிரலை எத்தனை தடவை பார்த்தாலும் தவறு கண்ணில் படாது; சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரைவரின் 'எஸ்கேப் சின்டாக்ஸ் கால் மோட்' என்ற அமைப்பை மாற்றலாம். அல்லது நெளிவு அடைப்புக்குறியை விட்டுவிட்டு 'கால்' கட்டளையை நேராகவே எழுதலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம்.

ப்ரொசீஜருக்குள் கமிட் (செய்ததை நிலையாகப் பதியும் கட்டளை) போடலாம் என்பதுதான் அதன் பெரிய பயன். ஆண்டுக் கணக்கைப் பழைய சலான்களிலிருந்து மறுபடி கட்டும்போது, மாதத்துக்கு ஒரு கமிட் என்று போட்டால் நடுவில் நின்றாலும் அதுவரை முடிந்தது வீணாகாது. ஆனால் அழைப்பவர் ஏற்கனவே ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே கமிட் செல்லாது. 2டி000 என்ற பிழை வரும். ஜாவாவில் தானியங்கிக் கமிட்டை அணைத்து வைத்திருந்தாலே பரிவர்த்தனை திறந்துவிடுகிறது. இதற்கென்று தனி இணைப்பு வைப்பதே நல்லது. உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்படி வைத்த ப்ரொசீஜரிலும், 'செட்' வரி சேர்த்த ப்ரொசீஜரிலும், பிழை பிடிக்கும் 'எக்ஸெப்ஷன்' பகுதியுள்ள தொகுதிக்குள்ளும் கமிட் போட முடியாது. விடை தரும் அவுட் மதிப்புகள் ப்ரொசீஜருக்கு வந்தது 14ஆம் பதிப்பில். பழைய பதிப்பில், உள்ளே கொடுத்து அதிலேயே விடையும் பெறும் இன்அவுட் மட்டுமே.

உள்ளே நடக்கும் பிழைகளில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அட்டவணையாக விடை தரும் ஃபங்ஷனில், விடையின் நெடுவரிசைப் பெயர்கள் எல்லாம் உள்ளே மாறிகளாகவும் ஆகிவிடுகின்றன. விடையிலும் சலான் எண், மூல அட்டவணையிலும் அதே பெயரில் சலான் எண் என்றால் எதைச் சொல்கிறாய் என்று கேட்டு 42702 வரும். அட்டவணைக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் அதோடு சேர்த்தே எழுதினால் இந்தத் தொல்லை வராது. மற்றொன்று 25பி02. பரிவர்த்தனை ஏற்கனவே முறிந்துவிட்டது என்பதே அதன் பொருள். திரையில் கடைசியாகத் தெரிவது அதுதான் என்பதால் எல்லாரும் அதையே படமெடுத்து அனுப்புகிறார்கள். உண்மையான பிழை அதற்கு முந்தைய வரிகளில் இருக்கும். பதிவேட்டில் மேலே போய்த் தேட வேண்டும்.

'எல்லாப் பிழைகளையும் பிடித்துக்கொள்' என்று எழுதிவிட்டு உள்ளே எதுவும் செய்யாமல் விடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிடிப்பதானால் 'கெட் ஸ்டாக்டு டயக்னாஸ்டிக்ஸ்' மூலம் பிழை எண்ணையும், எந்த ஃபங்ஷனின் எந்த வரி என்ற சூழலையும் எடுத்து ஒரு அட்டவணையில் எழுதி வைத்துவிட்டு, பிழையை மறுபடி மேலே எறிய வேண்டும். அந்தச் செயலே திரும்ப அழிக்கப்பட்டால் பதிவும் அழிந்துவிடும் என்பதால், சர்வர் பதிவேட்டிலும் ஒரு வரி விழும்படி செய்வது அவசியம்.

மற்ற தரவுத்தளங்களில் வேலை செய்யும் நண்பர்களோடு பேசும்போது ஊருக்கு ஊர் எண்தான் மாறுகிறது. ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கணக்கை மைஎஸ்க்யூஎல்லில் நடத்தும் ஒருவருக்கு அடிக்கடி வருவது 1305 (அப்படியொன்று இல்லை), 1318 (மதிப்புகளின் எண்ணிக்கை தவறு), 1449. கடைசியது சுவையானது: வேறு கணினியிலிருந்து கொண்டுவந்த ப்ரொசீஜரை உருவாக்கிய பயனர் இந்தச் சர்வரில் இல்லை என்பது அதன் பொருள். கோயம்புத்தூரில் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் ஆரக்கிள் பார்ப்பவர் பிஎல்எஸ்-00306 என்றால் மதிப்புகளின் எண்ணிக்கையையும் வகையையும்தான் முதலில் எண்ணுவார். அவரும் நானும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் எடைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் தரவுத்தளத்துக்குள் வைத்தது சரி என்றே சொல்வேன். திரைகள் மாறின, ஜாவா நிரல் ஒருமுறை முழுதாகத் திருப்பி எழுதப்பட்டது, விதி ஒரே இடத்தில் நின்றது. அச்சிடுவது, குறுஞ்செய்தி அனுப்புவது போன்றவற்றை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம். புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஃபங்ஷனை எழுதி முடித்ததும் மேலதிகாரப் பயனராக பிஎஸ்க்யூஎல்லில் ஓட்டிப் பார்த்து முடிந்தது என்று சொல்லாதீர்கள். மென்பொருள் எந்தப் பயனராக, எந்த டிரைவர் வழியாக அழைக்கிறதோ அதே வழியில் அழைத்துப் பாருங்கள். மேலே சொன்ன பிழைகளில் பாதி அங்கேயே வெளியே வந்துவிடும். பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் செக் என்ற நீட்சியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஃபங்ஷனுக்குள் இல்லாத அட்டவணையைக் குறிப்பிட்டிருந்தால் ஓட்டாமலே சொல்லிவிடும். ஃபங்ஷனை உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் தானாக இதைச் சோதிப்பதில்லை.

இப்போது எங்கள் வேலை ஸ்கீமாப் பெயர்களில் இருக்கிறது. 2024இல் வந்த 17ஆம் பதிப்பில், விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸைக் கட்டுவது, சேமித்த பார்வைகளை (கேள்வியின் விடையை அட்டவணைபோல் சேமித்து வைப்பவை) புதுப்பிப்பது போன்ற பராமரிப்பு வேலைகள் பாதுகாப்பான சர்ச் பாத்தோடுதான் (பெயர்களைத் தேடும் ஸ்கீமாப் பட்டியல்) ஓடுகின்றன. நம் ஸ்கீமாவின் பெயரைச் சொல்லாமல் அட்டவணையையோ இன்னொரு ஃபங்ஷனையோ குறிப்பிடும் ஃபங்ஷன் அந்த இடங்களில் 'இல்லை' என்ற பிழையோடு நிற்கும். பிஜி டம்ப் என்ற காப்புக் கருவியால் எடுத்த காப்பை மீட்டெடுக்கும்போதும் இதே காரணத்தால் நிற்கும் ஃபங்ஷன்கள் உண்டு. ஆகவே இண்டெக்ஸிலும் பார்வைகளிலும் பயன்படும் ஃபங்ஷன்களை முதலில் எடுத்து, உள்ளே உள்ள ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஸ்கீமாவைச் சேர்த்துக்கொண்டு வருகிறோம். சாயப்பட்டறைப் பகுதி முடிந்துவிட்டது, கூலிப் பகுதி பாக்கி இருக்கிறது.