பயணக் குளிர்பெட்டி: வெப்பமின் வகையா, கம்ப்ரசர் வகையா?

காரின் 12 வோல்ட் இணைப்பில் இயங்கும் குளிர்பெட்டிகளில், பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியர் 1834இல் கண்டறிந்த விளைவை (மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாவது) பயன்படுத்தும் வெப்பமின் வகை விலையிலும் எடையிலும் குறைந்ததுதான். ஆயினும் அது வெளி வெப்பத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி வரை மட்டுமே குளிர்விப்பதால், 40 டிகிரி வெயிலில் பாலையும் மீனையும் அதனிடம் ஒப்படைக்க முடியாது.

கம்ப்ரசர் வகையோ, வீட்டு ஃபிரிட்ஜைப் போலவே குளிர்பதன வாயுவை அழுத்திச் சுழற்றுவதால், கடும் வெயிலிலும் உறைநிலைக்குக் கீழே, பல மாடல்களில் மைனஸ் 18 டிகிரி வரை இறங்கும். வேண்டிய குளிர் வந்ததும் தானாக நின்றுவிடுவதால், பெரும்பாலும் இடைவிடாது மின்சாரம் இழுக்கும் வெப்பமின் பெட்டியைவிட, எஞ்சினை அணைத்துவிட்டுக் கூடாரத்தில் இரவு தங்குவோருக்கு இதுவே உகந்தது. பேட்டரி இறங்கும்போது தானே அணையும் வசதி உள்ளதா என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். பகல் பயணத்தில் தண்ணீரைச் சில்லென்று வைத்திருக்க மட்டும் இதன் விலையைக் கொடுப்பது வீண்செலவு என்பேன்.