கடைசியில் வருகிறவருக்கு எந்த ஓட்டம்? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரையோடு நடையும் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு: எங்கே நடப்பது, யாரோடு நடப்பது, எந்தக் கிழமை நடப்பது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கும் எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. நார்த் பீச் கடற்கரையில் சனிக்கிழமை காலை நடக்கும் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், வட்டாரத்து ஓட்டக் கிளப், தெருக்காரப் பெண்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றி வரும் நடைக் குழு. மூன்றிலும் ஓராண்டுக்கு மேல் வியர்த்துவிட்டு எழுதுகிறேன். எனக்குச் சாய்வு உண்டு. போகப் போகத் தெரிந்துவிடும்.

ஜிம்மை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆறே முறை போனேன். மீதி மாதங்களுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. என் சோம்பலுக்கு நான் கட்டிய வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். பார்க்ரனுக்குக் கட்டணமே கிடையாது. இணையத்தில் ஒருமுறை பெயரைப் பதிந்தால் ஒரு பார்கோடு கிடைக்கும். ஆயுளுக்கும் அது ஒன்றே போதும். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எந்தப் பார்க்ரனிலும் அதைக் காட்டி ஐந்து கிலோமீட்டர் ஓடலாம், நடக்கலாம். கிளப் அப்படியல்ல. ஆண்டுச் சந்தா, கிளப் நிறத்தில் சட்டை, அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ள தடகளச் சங்கத்தின் உரிம எண், பிறகு ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனி நுழைவுக் கட்டணம். உரிமம் இல்லாதவர் அந்த ஒரு நாளுக்கென்று தற்காலிக உரிமம் வாங்க வேண்டும். உரிமம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. அக்டோபரில் ஆர்வம் பொங்கிச் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் புத்தாண்டு பிறந்ததும் மறுபடியும் ஒரு செலவு காத்திருக்கும். நடைக் குழுவுக்கு ஒரு ராண்ட் கூட வேண்டாம். ஆனால் முறை வைத்துத் தேநீர் கொடுக்க வேண்டும். தேநீரோடு வடை வரும். சுற்றிய எட்டுச் சுற்றையும் அந்த வடை விழுங்கிவிடும்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நார்த் பீச் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கார் இல்லாதவர் விடியற்காலையில் பலரோடு சேர்ந்து போகும் வேன் டாக்சி பிடித்து நகரத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொன்று பிடிக்க வேண்டும். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் காரில் ஆட்களும் கூடுகிறார்கள். இப்போது நான்கு பேர் சேர்ந்து போகிறோம். பின்னிருக்கையில் மூன்று அக்காமார். வானொலி என் கையில் இல்லை.

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அக்கா அதை முதல் நாளே கேட்டாள்: "தம்பி, நான் கடைசியாக வந்தால்?"

கிளப்பில் இதற்கு என்ன விடை கிடைத்தது என்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்க ஓட்டக் கிளப்புகள் பலவற்றில் வாரநாள் மாலையில் 'டைம் டிரையல்' என்று ஒன்று நடக்கும். நான்கு கிலோமீட்டரோ எட்டோ, கடிகாரத்தை வைத்து ஓடுவார்கள். உறுப்பினர் அல்லாதவரும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு புதன்கிழமை அக்காவை அழைத்துப் போனேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் அவள் திரும்பி வந்தபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இறைச்சி சுடும் புகை மைதானமெங்கும் பரவியிருந்தது. கையில் தட்டு வைத்திருந்த ஒருவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அந்த ஒற்றைக் கைதட்டல்தான் அக்காவைச் சுட்டது. வீடு வரும்வரை அவள் பேசவில்லை.

பார்க்ரனில் கடைசி இடம் என்பதை முன்கூட்டியே ஒருவருக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். டெயில் வாக்கர் என்ற தன்னார்வலர், பளிச்சென்ற மேற்சட்டை அணிந்து எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். அவர் எல்லையைத் தொடும்வரை கடிகாரம் நிற்காது, மேசை மடங்காது. நேர வரம்பும் கிடையாது. நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் உங்களுக்குப் பின்னால் ஒருவர் இருப்பார்; அப்படி வருவதுதான் அவருடைய வேலை. இது அன்பினால் செய்வதா, நல்ல ஏற்பாட்டினால் நடப்பதா என்று நான் யோசித்ததுண்டு. ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் நம்பகமாக இருக்கிறது. கைதட்டுகிறவரின் மனநிலையை அது சார்ந்திருக்கவில்லை. போதாதற்கு நார்த் பீச்சில் இரண்டாயிரம் பேரைத் தாண்டிய சனிக்கிழமைகளும் உண்டு. அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிவதற்கே பாடுபட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்ரனே டைம் டிரையல் பெற்ற பிள்ளைதான். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹூவிட் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். இங்கே கிளப்புகளில் பார்த்ததை மனத்தில் வைத்து, 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் நண்பர்களைக் கூட்டி நடத்தினார். ஓடியவர்கள் 13 பேர். பெயரும் புஷி பார்க் டைம் டிரையல் என்றே இருந்தது. முடித்தவர்களின் வரிசையைக் குறிக்க, இரும்புக் கடையில் கிடைக்கும் வாஷர்களைக் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்த வாஷர், பார்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் வில்லையாகிவிட்டது. எல்லைக்கோட்டில் வில்லையை வாங்கி, அதையும் நம் பார்கோடையும் ஸ்கேன் செய்யக் கொடுத்து, வில்லையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். என் இரண்டாவது வாரத்தில் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சலவை இயந்திரத்திலும் ஒரு சுற்று சுற்றவிட்டேன். அடுத்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தபோது, வாங்கியவர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இங்கிருந்து லண்டன் போன அந்த யோசனையை 2011 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தவர் புரூஸ் ஃபோர்டைஸ். ஜோஹன்னஸ்பர்க் டெல்டா பூங்காவில் முதல் ஓட்டம் நடந்தது. இவர் யாரென்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நகரத்துக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது முறை வென்றவர். 1981இல் நிறவெறிக் குடியரசின் இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் அந்தப் பந்தயத்தைச் சேர்த்ததை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஓடி, வசவு வாங்கிக்கொண்டே ஜெயித்தவர். நாட்டின் மிகக் கடினமான ஓட்டத்தின் நாயகரே மிக எளிய ஓட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறார்.

கிளப்பின் பக்கம் நியாயம் பேச வேண்டுமானால் காம்ரேட்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பந்தயத்தில் பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். சுடுபவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகு காட்டி நிற்பார். ஒரு நொடி தாமதமாக வந்தவருக்கும் பதக்கம் கிடையாது. சிறுவயதில் அப்பா தொலைக்காட்சி முன்னால் எங்களை உட்காரவைத்து அந்தக் கடைசி நிமிடத்தைக் காட்டுவார். எல்லையில் விழுந்தவரைப் பார்த்து அவர் கண் கலங்கியதைக் கண்டிருக்கிறேன். அப்பாவின் இளமையில் அவர் அதில் அதிகாரப்பூர்வமாக ஓடியிருக்கவே முடியாது. 1921இல் தொடங்கிய பந்தயம், எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் முறைப்படி கதவைத் திறந்தது 1975இல்தான்.

அந்தத் துப்பாக்கிக்கு அஞ்சி ஓடப் பழகுவதற்குக் கிளப்தான் வேண்டும், பார்க்ரன் போதாது. அதிகாலை நான்கு மணிக்கு இருட்டில் நீண்ட ஓட்டம் போக ஆள் வேண்டும். தனியாக ஓடுவது இந்த நாட்டில் புத்திசாலித்தனம் அல்ல. முழங்காலில் வலி எங்கே தொடங்கினால் என்ன அர்த்தம் என்று சொல்ல, ஏற்கெனவே அந்த வலியில் விழுந்து எழுந்தவர் வேண்டும். பிறகு பஸ் வேண்டும். நான் சொல்வது சக்கரம் வைத்த பஸ் அல்ல. சீரான வேகத்தில் ஒருவர் முன்னே ஓட, பத்தும் நூறுமாக மற்றவர்கள் அவரைப் பற்றிக்கொண்டு ஓடும் கூட்டத்துக்கு இங்கே பஸ் என்று பெயர், முன்னே ஓடுபவர் டிரைவர். ஏற்றத்தில் எப்போது நடப்பது, எப்போது மறுபடி ஓடுவது என்று அவர் குரல் கொடுப்பார். பாட்டும் உண்டு. ஒரு 21 கிலோமீட்டர் பந்தயத்தில் அப்படி ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். தண்ணீர் மேசையில் கொடுத்த பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறக்கத் தெரியாமல் விழித்தபோது, பக்கத்தில் ஓடிய முன்பின் தெரியாத ஒருவர் கடித்துக் கொடுத்தார். கடித்துக் கொடுத்த தண்ணீரைக் கூச்சமில்லாமல் குடித்தேன். பார்க்ரனில் இரண்டாண்டு ஓடினாலும் இப்படி ஒரு நெருக்கம் எனக்குக் கிடைத்திருக்காது.

நடைக் குழுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அருகில் இருக்கிறது, தெரிந்த முகங்கள், வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். மழை வந்தால் நிற்கும், காவடி விரத நாட்களில் நிற்கும், கல்யாண மாதத்தில் நிற்கும், நின்ற பிறகு மறுபடி தொடங்க யாராவது ஒருவர் வெட்கத்தைவிட்டுச் செய்தி போட வேண்டும். ஆனாலும் வாரத்தில் ஒருநாள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் சர்க்கரை அடங்கிவிடாது. மீதி நாட்களுக்கு இந்த மைதானத்தை விட்டால் வேறு கதியில்லை. இதைப் பார்க்ரனுக்குப் போட்டி என்று நினைத்தது என் தவறு.

எண்களை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. கிளப்பில் நேரம்தான் எல்லாம். பலகையில் பெயரும் நிமிடமும் இருக்கும், போன மாதத்தைவிட மெதுவாக ஓடியிருந்தால் யாராவது விசாரிப்பார்கள். பார்க்ரன் 2024 பிப்ரவரியில் தன் இணையதளத்திலிருந்து பாதைச் சாதனைகள், அதிவேகப் பட்டியல்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. வேகமாக ஓடும் என் கிளப் நண்பருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. வேகமும் ஒரு திறமைதானே, அதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஆனால் நம் நேரத்தை நமக்கு அனுப்புவதை அவர்கள் நிறுத்தவில்லை. வயதையும் பாலினத்தையும் கணக்கில் கொண்டு ஒரு விழுக்காடும் சேர்த்துத் தருகிறார்கள். அந்த விழுக்காட்டில் அக்கா ஒருமுறை தன் இருபத்தைந்து வயது மருமகனை முந்திவிட்டாள். அன்றைக்கு அந்த மின்னஞ்சல் எங்கள் குடும்பத்தில் எத்தனை பேருக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். 25, 50, 100 என்று பங்கேற்ற எண்ணிக்கைக்கும் மைல்கல் உண்டு. கால் வலிக்கும் வாரத்தில் தன்னார்வலராக நின்றாலும் அதற்குத் தனிக் கணக்கு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அக்கா பார்கோடு ஸ்கேன் செய்த நாளில், கோயில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தும் அதே குரல் அவளுக்கு வந்துவிட்டது.

இனி இடம். என் சாய்வுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது இந்த டர்பனில்தான். வந்திறங்கிய ஊரின் நல்ல கடற்கரை, அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு மூடிக் கிடந்தது. நார்த் பீச் வெள்ளையருக்கு, எங்களுக்கு ஒதுக்கியது வேறு ஒரு துண்டு. 1989 நவம்பரில் அப்போதைய அதிபர் டி கிளர்க் எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் என்று அறிவித்தபோது எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. இன்றைக்கு அதே நடைபாதையில் ஜூலு பாட்டிகள், தலையில் துணி கட்டிய முஸ்லிம் பெண்கள், நாயோடு வரும் வெள்ளைக்காரர், எங்கள் அக்காமார் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். சார்டின் மீன் வரும் ஜூன், ஜூலையில் தலைமுறை தலைமுறையாக வலை இழுக்கும் இந்தியக் குடும்பத்தார் கரையில் கூடினால், அக்கா நேரத்தை மறந்து மீன் பார்க்க நின்றுவிடுவாள். டெயில் வாக்கரும் கூடவே நிற்பார். பள்ளி மைதானத்தின் எட்டுச் சுற்றில் இதெல்லாம் ஏது?

குறையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதிகமான நாளில் முதல் கிலோமீட்டரில் ஓடவே முடியாது, முழங்கை இடிக்கும். டர்பனின் ஜனவரி ஈரம், வெயில் ஏறும் முன்பே ஆளை ஊறவைத்துவிடும். நிழல் கிடையாது. ஏற்றமே இல்லாத பாதை என்பதால், காம்ரேட்ஸ் கனவு இருப்பவருக்கு அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. இரண்டாயிரம் பேரில் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமில்லை. ஆள் பழக்கம் வேண்டுமென்றால் தன்னார்வலராகத்தான் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இப்படி. அக்காவுக்குச் சனிக்கிழமை பார்க்ரன், மற்ற மூன்று நாள் நடைக் குழு, வடை மட்டும் பாதி. நான் சனிக்கிழமை அவளோடு, புதன்கிழமை கிளப்பில். உரிமத்தை இந்த முறை ஜனவரியிலேயே வாங்கினேன். முதல்முறை வருகிறவர்கள் பார்கோடைத் தொலைபேசியில் மட்டும் நம்பி வராமல், தாளில் இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றது கோடையில் எல்லைக்கோட்டுக்கு வருவதற்குள் கூழாகிவிடும்.